‘கலைந்தது’ என்று எழுதுங்கள்

கர்ப்பம் பார்க்கும் குச்சியில் இரண்டாவது கோடு தெரிந்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, கோபம். குளியலறைக் கதவில் சாய்ந்து, வாயில் பற்பசை நுரையோடு, அந்தக் கோட்டை முறைத்துப் பார்த்தாள். இனி எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு குற்றச்சாட்டு.

எட்டு மாதத்துக்கு முன்பும் இப்படி ஒரு கோடு தெரிந்தது. அப்போது குதித்தாள், கணவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தவர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். பதினோரு வாரமும் மூன்று நாளும் ஆனபோது அது கலைந்துபோனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்த நேரத்தில்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாளே வீட்டில் விசாரணை தொடங்கிவிட்டது. "மாடிப்படி வேணாம், வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் மாமியார். குடியிருந்தது மூன்றாவது மாடி. பறந்தா போக முடியும்? நாத்தனார் தொலைவிலிருந்தே துப்பறிந்துவிட்டாள். "எப்பப் பாத்தாலும் போனும் கையுமாவே இருந்தா, பின்ன எப்படி நிக்கும்?" எட்டாவது வாரத்தில் குழந்தை எத்தனை பெரிசு இருக்கும் என்றுதான் அவள் அந்தப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது நாத்தனாருக்குத் தெரியாது. துணி காயப்போடக் கையை உயரத் தூக்கியதுதான் காரணம் என்று எதிர்வீட்டுக்காரி தீர்ப்பே எழுதிவிட்டாள். அந்த அம்மாள் தன் வாழ்க்கையில் ஒரு நாள்கூடக் கையைத் தூக்கித் துணி காயப்போட்டதில்லை. வீட்டில் அதற்கெல்லாம் ஆள் உண்டு.

கணவன் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அவளை இன்றுவரை அரித்துக்கொண்டிருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள கட்டடங்களிலெல்லாம் ஆட்களை ஏற்றி இறக்க வழி செய்பவன், தன் வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் வருவான். அம்மா மாடிப்படியைப் பற்றிச் சொன்னபோது அவன் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். லேஸ் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கு ஐந்து நிமிடம் ஆனது.

இந்த முறை இரண்டு நாள் கழித்துத்தான் அவனிடம் சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. அருகில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தத் தடவை ஜாக்கிரதையா இரு, என்ன?"

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அப்போ போன தடவை நான் ஜாக்கிரதையா இல்லையா?"

"ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"வேற எந்த அர்த்தத்துல சொன்னீங்க? இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டான்.

*

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில். மேலே முந்நூறு அறைகள். முந்நூறு அறைகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் கீழே வந்து, துவைபட்டு, சூடான உருளைக்குள் நுழைந்து தட்டையாக வெளியே வரும். அவற்றை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. காப்பிக் கறை, உதட்டுச் சாயம், பேனா மை, ரத்தம். ஆறு வருடப் பழக்கம். கடுகளவு கறையாக இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

இப்போது அந்தக் கண் அவளையே விடவில்லை. முக்கால் மணிக்கொரு தரம் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து நாலு விரிப்பு மடிப்பதற்குள், ஈரமாக ஏதோ பட்டது போல இருக்கும். மறுபடி போவாள். மார்பு வலித்தால் எரிச்சலாக இருந்தது, வலிக்காமல் போனால் பயமாக இருந்தது. ஒரு நாள் காலையில் குமட்டவில்லை என்பதற்காகக் கழிப்பறைக்குள் உட்கார்ந்து அழுதாள். இப்படி அழ வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. மற்ற பெண்களெல்லாம் குமட்டவில்லை என்றால் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

கழிப்பறை ஒரு மாடி மேலே, சமையலறையைத் தாண்டி இருந்தது. போய் வர ஏழு நிமிடம். சூப்பர்வைசர் கவனித்துவிட்டார். நல்ல உயரம், எப்போதும் காதுக்குப் பின்னால் ஒரு பேனா. அவள் நாலாவது முறையாகத் திரும்பி வந்த ஒரு மதியம், உருளை மெஷினின் இரைச்சலை மீறி எல்லோருக்கும் கேட்கும்படி கூவினார்.

"என்னம்மா, பாத்ரூம்லயே குடித்தனம் நடத்துறியா? சொல்லு, கட்டில் ஒண்ணு போட்டுத் தரச் சொல்றேன்!"

மெஷின் ஓட்டுபவர்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்து விரிப்பை விரித்துப் பிடித்தாள். அன்றிலிருந்து அவர் ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, யார் எத்தனை முறை போகிறார்கள் என்று கோடு போட ஆரம்பித்தார். அவள் பெயருக்கு எதிரே கோடுகள் வேலி போல நின்றன.

எதிர் மேஜையில் மடிப்பவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காலையில் வாயைத் திறந்தால் ஷிஃப்ட் முடியும் வரை மூடமாட்டாள். அவளிடம் ஒரு விஷயம் போனால் பத்து நிமிடத்தில் சமையலறை வரை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ரேடியோதான் இரண்டாவது வாரம் மேஜைக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏய், எத்தனை வாரம்?"

"எது?"

"என்கிட்டயேவா? ஈர மூட்டையைத் தூக்கப் போறப்பெல்லாம் நின்னு யோசிக்கிறே. நான் ரெண்டு பெத்தவடி."

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "ஆறு" என்றாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே. போன தடவை..." அதற்கு மேல் வரவில்லை.

ரேடியோ யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் ஆச்சரியம். அன்றிலிருந்து ஈர மூட்டைகள் தாமாகவே அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தன. யார் கேட்டாலும், "எனக்கு உடம்பு இளைக்கணும், நானே தூக்கறேன்" என்று ரேடியோ அவர்கள் வாயை அடைத்தாள்.

*

ஏழாவது வாரம் முதல் ஸ்கேன். கணவன் லீவு போட்டு வந்தான். வேண்டாம் என்று சொல்லியும் மாமியாரும் கிளம்பிவிட்டார். பதிவு செய்யும் இடத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் சின்னதாய் ஒரு அரைவட்ட ஓட்டை, அதற்குப் பின்னால் கம்ப்யூட்டரும் ஒரு பெண்ணும். நாற்காலிகளில் இருபது பேராவது உட்கார்ந்திருப்பார்கள். அவள் குனிந்து ஓட்டை வழியே மெல்லப் பேசினாள். உள்ளே இருந்தவளுக்கு மெல்லப் பேசும் வழக்கம் இல்லை.

"முன்னாடி ஒரு தடவை கலைச்சிருக்கீங்க, இல்ல?"

"கலைக்கல. கலைஞ்சிடுச்சு."

"அதான். கருக்கலைப்பு, ஒண்ணு. இங்க இருக்கு. பதினேழாம் நம்பர், போய் உக்காருங்க."

நாற்காலிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. மாமியாரின் முகம் வெளிறிவிட்டது. அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, அடிக்குரலில், ஆனால் மூன்று நாற்காலி தூரத்துக்குக் கேட்கும்படி கேட்டார்.

"கலைச்சியா? எங்களுக்குத் தெரியாமயா?"

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஏழு மாதமாக அவள் அழுது அழுது கண்ணீர் வற்றிப்போன இழப்பை, ஒரு சொல் அவள் திருட்டுத்தனமாகச் செய்த காரியமாக மாற்றிவிட்டது. இவரும் நம்புகிறார்! ஒரே வீட்டில் இருந்து, அந்தக் காலையில் ரத்தம் தோய்ந்த தரையைத் தம் கையாலேயே துடைத்தவர்.

"என்னைக் கேக்காதீங்க அத்தை. இங்கயே நில்லுங்க" என்றாள். திரும்பிக் கண்ணாடித் தடுப்புக்குப் போனாள். இந்த முறை குனியவில்லை.

"கலைந்ததுன்னு மாத்தி எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணு இல்ல. நீங்க கையில வெச்சிருக்கற கிளாஸ் கீழ விழுந்து உடைஞ்சதுக்கும், நீங்களே எடுத்து உடைச்சதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்மா. நான் என்ன பண்ண முடியும்? பின்னாடி ஆள் நிக்குது, நகருங்க."

"கம்ப்யூட்டர்ல வந்தா வாயால கூவணுமா? கலைச்சவங்களா இருந்தாலும்தான் என்ன? அவங்க விஷயத்தை இத்தனை பேர் முன்னாடி ஏலம் விட உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தாங்க?"

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லவில்லை. நிறைமாதத்தில் இருந்த ஒருத்தி, "சரியாத்தான் கேக்கறாங்க, மாத்துங்களேன்" என்றாள். கணவன் அருகில் வந்து நின்றான். எப்போதும் போல வாயைத் திறக்கவில்லை. ஆனால் வா, போகலாம் என்று இழுக்கவும் இல்லை. சத்தம் கேட்டு டாக்டரே அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

உள்ளே போனதும் அவள் உட்காரவில்லை.

"டாக்டர், எனக்கு ஸ்கேன் அப்புறம் எடுங்க. மொதல்ல இவங்க ரெண்டு பேர் முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. போன தடவை எதனால ஆச்சு? நான் படி ஏறினதாலயா? போன் பாத்ததாலயா? துணி காயப்போட்டதாலயா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத வீக்கம்.

"இது எதனாலயும் இல்ல. இவ்வளவு சீக்கிரத்துல கலையறது பெரும்பாலும் கரு உருவாகும்போதே சரியா உருவாகாததாலதான். படி ஏறினா கலையாது. வேலைக்குப் போனா கலையாது. கையைத் தூக்கினாலும் கலையாது. நீங்க எதையும் தப்பா செய்யல. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது."

மாமியார் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"இதைப் போன தடவையே ஏன் டாக்டர் சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா."

"நான் அழுதுக்கிட்டு இருந்தேன். அழுதுக்கிட்டு இருக்கறவ எப்படிக் கேப்பா? நீங்கதானே சொல்லியிருக்கணும்? ரெஸ்ட் எடுங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்னு ஒரே வரியில அனுப்பிட்டீங்க. நான் ஏழு மாசமா ஒவ்வொரு படியா எண்ணிக்கிட்டு இருக்கேன்."

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்படவில்லை.

"நான் சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார். பிறகு இண்டர்காமில் கண்ணாடித் தடுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, "பதினேழாம் நம்பர் ஃபைல்ல ‘தானாகக் கலைந்தது’ன்னு போடு. இனிமே இதெல்லாம் கத்திக் கேக்காதே, எழுதிக் காட்டச் சொல்லு" என்றார்.

ஸ்கேன் மேஜையில் படுத்தபோது திரை டாக்டரின் பக்கம் திரும்பியிருந்தது. "என் பக்கம் திருப்புங்க. நல்லதோ கெட்டதோ நானும் பாக்கணும்" என்றாள். டாக்டர் திருப்பினார். சாம்பல் நிறக் குழப்பத்தின் நடுவே, அரிசி மணி போன்ற ஒன்றில் எதுவோ படபடத்துக்கொண்டிருந்தது.

"துடிப்பு நல்லா இருக்கு."

"அப்போ இது நிக்குமா?"

"நிக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். நிச்சயமா நிக்கும்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யாரோ முதல் தடவையாகத் தன்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

மாமியார் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலை நாத்தனார் போனில் வழக்கம்போல மாடிப்படிப் பாட்டை ஆரம்பித்ததும், மாமியார் வெடித்தார்.

"படிக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்? பெரிய டாக்டரே சொல்லிட்டாங்க! ஒண்ணும் தெரியாம வாய் இருக்குன்னு பேசாதே."

ஏதோ பிறந்ததிலிருந்து தமக்குத் தெரிந்த விஷயம் போலச் சொன்னார். சமையலறையில் நின்றிருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டும் வந்தது, சிரிப்பும் வந்தது. கரண்டியைத் தேவைக்கு மேல் சத்தமாகப் பாத்திரத்தில் தட்டினாள்.

*

ஒன்பதாவது வாரம், ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கழிப்பறையில் அவள் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பழுப்பாக ஒரு கறை. கட்டைவிரல் நகம் அளவு.

அங்கிருந்தே கணவனுக்குப் போன் செய்தாள். "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்தான். கீழே இறங்கி வந்து சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நேத்துதான் இருபது நிமிஷம் லேட்டு. மதியம் நூத்தம்பது ரூமுக்கு அனுப்பணும். லீவு வேணும்னா முந்தின நாளே எழுதிக் குடுக்கணும், தெரியும்ல?" சுவரில் ஒட்டிய தாளைப் பேனாவால் தட்டினார். "இன்னிக்கு இப்பவே நாலு கோடு. என்னதாம்மா பண்றே அங்க?"

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். தன் பெயரையும் வேலியையும் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அதைச் சுவரிலிருந்து பிய்த்தாள். டேப்போடு சேர்ந்து கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது.

"ரத்தம் வருதான்னு பாக்கப் போறேன் சார். என் வயித்துல ஒன்பது வாரக் குழந்தை இருக்கு. போன வருஷம் ஒண்ணு போயிடுச்சு. அதான் முக்கால் மணிக்கொரு தடவை போய்ப் பாக்கறேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். நீங்க கட்டில் போடறேன்னீங்க. இன்னிக்கு ரத்தம் வந்திருக்கு. இதையும் கோடு போட்டு வெச்சுக்கோங்க."

யாரோ உருளை மெஷினை நிறுத்தினார்கள். சூப்பர்வைசருக்கும் வீட்டில் மனைவி, மகள்கள் உண்டு. அதை இப்போதுதான் நினைத்துக்கொண்டவர் போல இருந்தார்.

"சொல்லியிருந்தா..." என்று தொடங்கினார்.

"ஏன் சார் சொல்லணும்?" என்று ரேடியோ குறுக்கே பாய்ந்தாள். "பாத்ரூம் போறதுக்குக் காரணம் சொல்லணுமா? நாளைக்கு நாங்க எல்லாரும் வந்து வரிசையா காரணம் சொல்றோம், உக்காந்து எழுதிக்கிறீங்களா?" சொல்லிக்கொண்டே தன் மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, அவள் தோளைப் பிடித்து வாசலுக்கு நடத்திப் போனாள். அன்று மதியம் நூற்றைம்பது அறைகளுக்கும் விரிப்பு தாமதமாகத்தான் போனது. ஹோட்டல் இடிந்து விழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே பார்த்தார். துடிப்பு இருந்தது, போன தடவையைவிட வேகமாக. "ஆரம்பத்துல இப்படிக் கொஞ்சம் கறை படறது நிறையப் பேருக்கு உண்டு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா பட்டதும் உடனே வந்தீங்களே, அதுதான் சரி" என்றார். அவள் திரையைப் பார்த்தபடியே அழுதாள்.

வீட்டில் மாமியார் கதவைத் திறந்தவுடனே ஆரம்பித்தார். "நான் அப்பவே சொன்னேன், வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு..."

"அம்மா, போதும்" என்றான் கணவன். "போன தடவை நீங்க எல்லாரும் இவளைச் சொன்னப்ப நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அது நான் பண்ணின பெரிய தப்பு. இன்னொரு தடவை இவமேல பழி போட்டு இந்த வீட்ல யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அக்காவாவே இருந்தாலும்."

மாமியார் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று முனகிக்கொண்டு உள்ளே போனார். அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதம் தாமதமாக வந்த பேச்சுக்கு நன்றி சொல்வதா, ஏன் இத்தனை நாள் என்று கேட்பதா என்று தெரியவில்லை.

*

பதினோரு வாரமும் மூன்று நாளும் ஆகும் தேதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அன்று காலை இரண்டு காலிலும் செருப்பை மாட்டி முடித்ததும் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டுக் கிளம்பினாள். சலவைப் பிரிவில் சூப்பர்வைசர் அவளைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மறுபடி தாள் எதுவும் சுவருக்கு வரவில்லை. பதினோரு தரம் போய்ப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஐந்து மணி ஆனது.

பின்வாசல் வழியே தெருவுக்கு வந்தபோது, எதிரே பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் கணவன் உட்கார்ந்திருந்தான். மடியில் செய்தித்தாள். பக்கத்தில் நாலு காலி காப்பிக் கப். வேலைச் சட்டையில் ஒரு கிரீஸ் கறைகூட இல்லை.

"எப்ப வந்தீங்க?"

"காலைலயே."

"காலைலயேவா? என்னை வேவு பாக்கவா வந்தீங்க?"

"இல்ல." அவன் செய்தித்தாளை மடித்தான். சரியாக மடியவில்லை. பிரித்து மறுபடி மடித்தான். "இன்னிக்கு என்ன நாள்னு எனக்குத் தெரியும். வேலைக்குப் போனேன், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப முடியல. வீட்ல இருக்கவும் பயமா இருந்துச்சு. இங்க உக்காந்தா பக்கத்துலயாவது இருக்கலாமேன்னு..."

"பயம்னா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" அவள் குரல் உயர்ந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போன தடவையும் இப்படித்தானா? உங்களுக்கும் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சு ஏழு மாசம் உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேனே, மனசுக்குள்ளயே!"

"வாய்விட்டே திட்டியிருக்கலாம்."

"இப்பத் திட்டறேன். எந்திரிங்க."

அவன் எழுந்தான். பஸ் வந்தது, இருவரும் ஏறவில்லை. இரண்டு கிலோமீட்டர் நடந்தே போனார்கள். வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள், அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். இருபத்தெட்டு வாரம் கழித்து அவர்களுக்கு மகள் பிறந்தாள்.